முதல் பக்கத்தில் ஒரு பெயர்

மேபல் கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்த அன்று, லொறியிலிருந்து அவளுடைய றங்குப் பெட்டியை இறக்க இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். சந்து முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. வெள்ளவத்தைப் பெண், படித்த பெண், பள்ளிக்கூட டீச்சர். பெட்டிக்குள் பட்டுச் சேலையும் வெள்ளிச் சாமானும் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாப்பிள்ளை நோபேட்டின் அக்கா எமில்டா உரிமையோடு முன்னால் வந்து மூடியைத் திறந்தாள். உள்ளே விளிம்பு வரைக்கும் புத்தகங்கள். அட்டைகளில் கத்தியும் கைத்துப்பாக்கியும் பாதி திறந்த கதவுகளும் இருந்தன.

“இயேசுவே! என்ன பிள்ளை இது? சீதனமா, பொலிஸ் ஸ்டேஷனா?” என்றாள் எமில்டா.

சந்து சிரித்தது. மேபலும் சிரித்தாள். மாடிப்படியின் உச்சியில் நின்ற ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. நோபேட்டின் மகள் பிறிஜெற். ஒன்பது வயது. அவளைப் பெற்றவள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வீடு மாடியில் இருந்தது. முன் ஜன்னலைத் திறந்தால் ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். பின்னேரங்களில் வெயில் அந்தக் கூரைகளின் மேல் தேன் போல ஊறிக் கிடக்கும். கப்பல் ஒன்று எங்கோ ஊதும். அறைக்குள் எல்லாம் ஒரு கணம் மிதப்பது போல இருக்கும். அந்த வேளையை மேபலுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கதை படிப்பதற்கென்றே படைக்கப்பட்ட வேளை என்று நினைத்தாள்.

பிறிஜெற்றைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. சொன்னதைச் செய்வாள். மேபலை “அன்ரி” என்று அழைப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் யாராவது வீட்டை விட்டு வெளியே கிளம்பினால் போதும், அவள் முகம் மாறிவிடும். “எங்க போறீங்க? எந்தப் பக்கத்தால வருவீங்க?” என்று கேட்பாள். மேபல் முனைக் கடைக்குத் தேங்காய் வாங்கப் போனாலும் ஜன்னலடியில் நின்றுகொண்டிருப்பாள். மேபல் சந்துக்குள் திரும்பியதும் அந்தத் தலை ஜன்னலிலிருந்து மறையும். மேலே வந்து பார்த்தால், காலையிலிருந்து அங்கேயே இருந்தவள் போலக் கட்டிலில் உட்கார்ந்து சொக்ஸ் மடித்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று மேபல் யோசித்தாள். நன்றாகச் சமைக்கத் தெரியாது. பாட்டு வராது. தாயில்லாமல் அண்ணன் வீட்டில் வளர்ந்தவள் அவள். தனிமையான பின்னேரங்களில் அவளைக் கைபிடித்து நடத்திச் சென்றவை துப்பறியும் கதைகள்தான். அதைத்தான் கொடுக்கலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் அந்த றங்குப் பெட்டியைக் கண்டாலே பிறிஜெற் சுவரோடு ஒதுங்கிப் போனாள்.

எனவே மேபல் சந்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டால் இவளும் வந்து உட்காருவாள் என்பது அவள் கணக்கு.

முதல் சனிக்கிழமை அவள் புத்தகம் எதையும் திறக்கவில்லை. ஹோலில் பாய் விரித்துப் பிள்ளைகளை இருத்திவிட்டு, “இண்டைக்குக் காலையில நான் எங்க போயிட்டு வந்தனான்? கேக்காமல் கண்டுபிடியுங்கோ பாப்பம்,” என்றாள்.

கீழ் வீட்டு ஹப்ஸா முந்திக்கொண்டாள். அவளுடைய வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. கண்ணால் பார்த்தே துணியின் தரம் சொல்லக்கூடிய பிள்ளை. “டீச்சர்ட சாரி ஓரம் நனைஞ்சீக்கி. கடக்கரைக்குப் போயீக்கீங்க!”

“போடி,” என்றான் எதிர்வீட்டு கிளெமென்ற். “டீச்சர்ட வளையலில மீன் செதிள் ஒட்டியிருக்கு. மார்க்கெட்டுக்குத்தான் போனது. பாரை மீன் வாங்கினது.”

“பாரை எண்டு எப்பிடித் தெரியும்?”

“குசினியில இருந்து மணக்குதே!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேபல் வளையலைப் பார்த்தாள். வெயிலில் செதிள் ஒரு சின்னக் கண்ணாடி போல மினுங்கியது.

“துப்பறியிற ஆக்கள் செய்யிறதும் இவ்வளவுதான்,” என்றாள். “எல்லாரும் பார்க்கிறதைத்தான் அவையும் பார்ப்பினம். ஆனா பார்த்திட்டு விட்டிட்டுப் போகமாட்டினம். ஏன் எண்டு ஒருக்கால் கேப்பினம்.”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் கதைக் கிழமைகளாயின. மேபல் இரத்தம் வரும் இடங்களைத் தாண்டி, மழை பெய்யும் இடங்களில் நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். பிள்ளைகளின் கண்கள் பெரிதாகும். கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கமாட்டாள். அந்தப் பக்கங்களை ஒரு றிபனால் கட்டி, புத்தகத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். வாரம் முழுவதும் பிள்ளைகள் யார் குற்றவாளி என்று சண்டை பிடிப்பார்கள். விரும்பியவர் வந்து புத்தகத்தை எடுத்துப்போய் மறுபடி வாசிக்கலாம். றிபனை மட்டும் அவிழ்க்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமைதான் முடிச்சு அவிழும்.

பிறிஜெற் வந்து உட்காரவில்லை. குசினி வாசலில் நின்றாள். பிஸ்கட் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஒருமுறை மேபல் வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தபோது அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கதையில் ஒரு பெண் குடையோடு வீட்டை விட்டு வெளியே நடந்து போகிறாள். அடுத்த வரியை மேபல் வாசித்து முடித்தபோது கதவடியில் யாரும் இல்லை.

குழப்பம் வந்தது மழை பிடித்த ஒரு சனிக்கிழமை. ஹப்ஸா புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

“டீச்சர்! இங்க பாருங்க! எவனோ எழுதி வச்சீக்கான்! மொதல் பக்கத்திலேயே!”

முதல் பக்கத்தின் மேல் மூலையில், பென்சிலால், சின்ன எழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன. ‘டொக்டர் தான்.’

மேபல் றிபனை அவிழ்த்துப் பார்த்தாள். டொக்டர்தான்.

கிளெமென்ற் பாயில் தொப்பென்று விழுந்தான். “ஒரு கிழமையா யோசிச்சனே! ஸ்கூலில அடியும் வாங்கினனே, யோசிச்சுக்கொண்டு இருந்ததுக்கு!”

மற்றப் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் ‘மாமா தான்’. இன்னொன்றில் ‘வேலைக்காரி இல்லை, அக்கா தான்’. இனி வாசிக்க வேண்டியிருந்த கதைகளிலும் பெயர்கள் இருந்தன. பிள்ளைகள் கொதித்தார்கள். கொலை, கொள்ளையெல்லாம் கேட்டு மகிழ்ந்தவர்களுக்கு இந்தக் குற்றம் மட்டும் தாங்க முடியவில்லை.

“இது வெளியாக்கள்ட வேலையில்ல,” என்று ஹப்ஸா இடுப்பில் கை வைத்துச் சொன்னாள். “இந்தப் பெட்டியத் தொடுற ஆள்தான் செஞ்சீக்கி. வாற சனிக்கெழம எல்லாரும் இங்க வாங்க. நான் ஆளப் புடிச்சிக் காட்டுறன். புடிபட்ட ஆள் பொறகு இந்தப் பாயில உக்காரவே ஏலாது.”

“சாகும் வரைக்குமா?” என்று கேட்டான் கிளெமென்ற்.

“மௌத்தாகும் வரைக்கும்.”

ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கடவுள் மேல் சத்தியம் பண்ணினார்கள். சத்தியம் முடியும்போது குசினி வாசலில் ஒரு கோப்பை தரையில் விழுந்து உருண்டது. பிறிஜெற் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் மேபல் பெட்டியைத் திறந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அழிறப்பரால் பெயர்களை அழித்துவிடலாம் என்று எண்ணினாள். வெளியே மழை நின்று, தாழ்வாரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நீலக்கல் திருட்டுப் போகும் கதையை எடுத்தாள். பெயர் இல்லை. வங்கிக் கொள்ளைக் கதை. பெயர் இல்லை. தேயிலைத் தோட்டத்து பங்களாவில் நஞ்சு வைக்கும் கதை, எல்லாவற்றிலும் பயங்கரமானது. அதிலும் இல்லை. மாலையில் காற்று வாங்கப் போன ஒருவர் திரும்பி வராத கதை. அதில் பெயர் இருந்தது. ரயிலேறிய பெண் இறங்காமல் போகும் கதை. அதிலும் இருந்தது.

மேபலின் கை நின்றது. பிறகு விறுவிறுவென்று புத்தகங்களை இரண்டு அடுக்காகப் பிரித்தாள். பெயர் எழுதாத அடுக்கில் களவும் கொலையும் நஞ்சும் இருந்தன. பெயர் எழுதிய அடுக்கில் ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் வீட்டை விட்டு வெளியே போயிருந்தார். திரும்பி வரவில்லை.

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். முன் ஜன்னலில், கம்பியைப் பிடித்தபடி, பிறிஜெற் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் வேலை விடும் நேரம் அது. அப்பா வருவதற்காக நின்றிருந்தாள்.

நோபேட் வந்து சப்பாத்துக் கழற்றும்போது மேபல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறிஜெற் கீழே ஹப்ஸாவின் உம்மாவுக்குப் பால்சட்டி திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, தாய் செத்ததைப் பிள்ளைக்கு ஆர் சொன்னது?”

அவன் கை சப்பாத்துக் கயிற்றிலேயே தங்கிவிட்டது.

“ஏன் இப்ப கேக்கிறீர்?”

“சொல்லுங்கோவன்.”

நோபேட் துறைமுக அலுவலகத்தில் கிளாக். அதிகம் பேசாதவன். அன்று துண்டுதுண்டாகச் சொன்னான். பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முதல் மனைவி போனபோது, இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஏழு வயதுப் பிள்ளை அம்மா சுகமாகி வர கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் நேர்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனையே அங்கேதான் போகும். கிறிஸ்தவர், சைவர், முஸ்லிம் என்று பார்க்காத கூட்டம். அந்தக் கூட்டத்தில் எமில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை வாரம் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். நாலாம் செவ்வாய்க்கு அடுத்த நாள் தாய் கண்ணை மூடினாள்.

“அடக்கத்துக்குப் பிள்ளையை வைச்சிருக்கேலாது எண்டு நீர்கொழும்புக்கு அனுப்பிட்டம். இரண்டு நாளில கூட்டியந்தம். அக்கா சொன்னா, தொடங்கின நவநாளைப் பாதியில விடக்கூடாது, அது அவவின்ட ஆத்துமாவுக்கு ஆகாது, முடியட்டும் பிறகு சொல்லுவம் எண்டு. எனக்கும்... சொல்ல வாய் வரேல்ல, மேபல்.”

“அப்ப மிச்சச் செவ்வாய் எல்லாம்?”

“கொளுத்தினவள்.” அவன் சப்பாத்தை ஓரமாக வைத்தான். “நானும் கூடப் போனனான். கோயில் வாசலில சட்டைக் கையில குத்தியிருந்த கறுப்புத் துக்கப் பட்டியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டுத்தான் அவளுக்குக் கிட்டப் போறது. சந்தில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லேல்ல. எல்லாரும் பாசத்திலதான் செய்தவை.”

“பிறகு?”

“நவநாள் முடிஞ்ச அடுத்த நாள் அக்கா சொன்னா, அம்மா மோட்சத்துக்குப் போயிட்டா எண்டு. அவள் ஒண்டும் கேக்கேல்ல. எப்ப எண்டுகூடக் கேக்கேல்ல. சின்னப் பிள்ளைதானே, விளங்கேல்ல எண்டு நினைச்சம்.”

ஊர் முழுவதும் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூடி வைத்திருந்தது. ஒரே ஒருத்திதான் அது தெரியாமல் நடுவில் நின்று திரி கொளுத்தியிருக்கிறாள்.

“நீங்க அவளுக்குச் சொல்ல வேணும்,” என்றாள் மேபல்.

“அவளுக்குத்தான் தெரியுமே.”

“செத்தது தெரியும். நீங்களெல்லாம் என்ன செய்தனீங்கள் எண்டு உங்கட வாயால சொல்லேல்ல. அவளுக்கு அது தெரிய வேணும். நான் சொல்லிப் பிரயோசனம் இல்லை.”

படியில் காலடி கேட்டது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகுதான், தாங்களும் அதையேதான் செய்கிறோம் என்று மேபலுக்கு உறைத்தது.

மறுநாள் ஹோல் நிறைந்திருந்தது. ஹப்ஸா உம்மாவின் பழைய துப்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றாள். விஷயம் முடிந்துவிட்டது, பெயர்களை அழித்தாயிற்று, கதைக்குப் போவோம் என்று சொல்ல மேபல் வாயெடுத்தாள். ஹப்ஸா கையை உயர்த்தித் தடுத்தாள்.

“டீச்சர் இண்டைக்குப் பேசப்படாது. நான் பேசுறன். இந்தக் குத்தத்தச் செஞ்ச ஆளுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒரு கெழம பொறுக்க ஏலாது. புளியங்காய் பழுக்க முந்திப் புடுங்குற ஆள். அந்த ஆள்...” விரல் சுழன்று வந்து நின்றது. “கிளெமென்ற்!”

கிளெமென்ற் இரண்டு கையையும் ஆட்டினான். “நான் இல்ல! அந்தோனியார் மேல ஆணையா நான் இல்ல!”

“புளியங்காய் புடுங்கினதா இல்லையா?”

“அது புடுங்கினனான். ஆனா இது நான் இல்லை!”

“பாயவிட்டு எழும்பு.”

அவன் எழுந்தான். கண்ணில் நீர் முட்டியது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. அப்போது குசினி வாசலிலிருந்து சத்தம் வந்தது.

“நான்தான்.”

பிறிஜெற் ஹோலுக்குள் வந்து நின்றாள். கைகள் இரண்டும் கவுணைப் பிடித்திருந்தன. “அவன் இல்லை. நான்தான் எழுதினனான்.”

தூரத்தில் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது. மேபல் எழுந்து போய் அவளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளத் துடித்தாள். ஆனால் அந்தப் பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மேபல் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

“நீயா? ஏன்?” ஹப்ஸாவுக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் அதிகம்.

“போன ஆள் வருமா, வராதா எண்டு தெரியாம வாசிச்சா...” பிறிஜெற் கவுண் ஓரத்தைச் சுருட்டினாள். “பயமா இருக்குமெல்லோ. முடிவு முதலே தெரிஞ்சா பயமிராது. நீங்க பயப்படக்கூடாதெண்டுதான் எழுதினனான்.”

கிளெமென்ற் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். “ஐயோ பிறிஜெற்,” என்றான், உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை விளக்குபவன் போல. “நாங்க பயப்படத்தானே இங்க வாறது!”

பிறிஜெற் அவனைப் பார்த்தாள். பாயில் இருந்தவர்களைப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பயப்படுவதற்கென்றே மனிதர்கள் பின்னேரத்தில் முகம் கழுவித் தலைவாரி வருவார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது போல இருந்தது.

“தனியப் பயப்புடுறதுதான் கூடாது,” என்றாள் ஹப்ஸா. நீதிபதி ஆசனத்திலிருந்து அவள் இறங்கிவிட்டாள். “எல்லாரும் சேர்ந்து பயந்தா அது ஒரு வெளையாட்டு. இனி எழுதாத, என்ன? பயமெண்டா எனக்குக் கிட்ட வந்து இரி. என்ட கையக் கிள்ளு. ஆனா மெதுவாக் கிள்ளு.”

பிறிஜெற் உட்காரவில்லை. திரும்பி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் மேபலின் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடிந்ததும் மேபலும் நோபேட்டும் பிறிஜெற்றும் வீட்டுக்கு முன்னால் இருந்த ஒழுங்கையின் முடிவுக்கு நடந்தார்கள். தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். மழைக்குப் பிறகு வந்த வெயில் தண்ணீரின் மேல் தூள்தூளாகக் கிடந்தது. பாறைகளில் அலை மோதி வெண்மையாய் எழுந்து, அவசரமே இல்லாமல் திரும்பி விழுந்தது. உறக்கத்தில் காணும் கடல் போல இருந்தது.

மேபல் பின்தங்கி நின்றாள். நோபேட் திரும்பிப் பார்த்தான். “நீரும் வாரும், மேபல். எனக்குப் பயமாக் கிடக்கு.”

மூவரும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். ஒரு ரயில் வந்து, சத்தமெல்லாம் சேர்த்துக்கொண்டு போயிற்று. அது போன பிறகு நோபேட் சொன்னான். சுற்றி வளைக்காமல், நீர்கொழும்புக்கு அனுப்பியது முதல், மிச்சச் செவ்வாய்கள் வரை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது மகளைப் பார்க்காமல் கடலையே பார்த்தான். பிறகு பார்த்தான்.

பிறிஜெற் அழவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும், மகள்?”

“ஏதோ இருக்கெண்டு. உங்கட சட்டைக் கையில ஊசி குத்தின ஓட்டை இருந்தது. எல்லாச் சட்டையிலயும். கோயிலில லைனில நிக்கேக்க எல்லாரும் விலகி என்னை முன்னுக்கு விட்டவை. எமில்டா மாமி மெழுகுதிரி வாங்கேக்க அழுதவ. ஹப்ஸான்ட உம்மா சும்மா சும்மா இனிப்புத் தொதல் தந்தவ.” அவள் மூச்சு வாங்கினாள். “ஏன் எண்டு நான் கேக்கேல்ல. கேட்டா நீங்க சொல்லிருவீங்க எண்டு பயம்.”

நோபேட் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அவனுடைய தோள்கள் குலுங்கின. வாழ்நாளெல்லாம் கதை படித்த மேபலுக்கு, இதைவிடக் கூர்மையாகப் பார்த்த யாரும் எந்தப் புத்தகத்திலும் நினைவுக்கு வரவில்லை. ஏழு வயதில் எல்லாவற்றையும் கண்டு, எல்லாவற்றையும் கோத்து, விடையை மட்டும் தொடாமல் விட்ட பிள்ளை.

“எத்தினையாவது செவ்வாய்?” என்று பிறிஜெற் கேட்டாள்.

“நாலாவதுக்கு அடுத்த நாள்.”

“அப்ப பிறகு கொளுத்தினதெல்லாம்?”

அம்மா மேலேயிருந்து பார்த்திருப்பாள் என்று எமில்டாவாக இருந்தால் சொல்லியிருப்பாள். அவனும் அதற்குத்தான் வாயெடுத்தான். பிறகு தலையை அசைத்தான்.

“எனக்குத் தெரியாது, மகள். நீ கொளுத்தேக்க நான் உனக்குப் பின்னால நிண்டனான். சொல்லியிருக்க வேணும். சொல்லேல்ல. அது பிழை.”

பிறிஜெற் ஓங்கி அவன் தோளில் அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். மூன்றாவது அடி பாதியில் நின்று, விரல்கள் சட்டையைப் பற்றிக்கொண்டன. அதன் பிறகுதான் அழுகை வந்தது. அலைச் சத்தத்தோடு சேர்ந்து, வெகுநேரம் வந்தது. அவன் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். மேபல் அவர்கள் இருவரின் செருப்புகளையும் தண்ணீர் படாமல் எடுத்து மேலே வைத்தாள். அந்த நேரத்தில் அவளால் செய்யக்கூடியது அதுவாகத்தான் இருந்தது.

அழுது ஓய்ந்ததும் பிறிஜெற் அவள் பக்கம் திரும்பினாள். “அன்ரிக்கு எப்பவிருந்து தெரியும்?”

“முந்தநாளிலிருந்து.”

“ஏன் அப்பவே சொல்லேல்ல?”

“அப்பாதான் சொல்ல வேணும் எண்டு நினைச்சனான். ஆனா நேற்று முழுக்க நெஞ்சுக்குள்ள கல் மாதிரி இருந்தது.”

பிறிஜெற் அந்தப் பதிலை மோந்து பார்ப்பவள் போலக் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்துப் புத்தகக் கடையின் கண்ணாடிக்குள் ஒரு புதிய நாவல் இருந்தது. அட்டையில் ஒரு கலங்கரை விளக்கமும் காலியான படகும். மேபல் தன்னை அடக்க முடியாமல் உள்ளே போய் வாங்கி வந்தாள். நோபேட் புருவத்தை உயர்த்தினான். “றங்குப் பெட்டியில இடமிருக்கோ?”

மட்டக்குளி போகும் இரட்டைத்தட்டு பஸ் வந்தது. மேல்தட்டில் முன் ஆசனத்தில் மேபலும் பிறிஜெற்றும் உட்கார்ந்தார்கள், நோபேட் பின்னால். மரக்கிளைகள் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போயின. இடது பக்கத்தில் ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தோன்றி மறைந்தது.

பிறிஜெற் அட்டையைப் பார்த்தாள். “படகில போன ஆள் எங்க?”

“தெரியாது.”

“அன்ரிக்குத் தெரியும். எல்லாப் புத்தகமும் வாசிச்ச ஆள்தானே.”

“இது புதுசு. இன்னும் வாசிக்கேல்ல. பார், தாளே ஒட்டிக்கிடக்கு.”

“உண்மையா?”

“உண்மையா. எனக்கும் ஒண்டும் தெரியாது.”

பிறிஜெற் அவளுடைய முகத்தைக் கவனமாகப் படித்தாள். அதில் ஒளித்து வைத்தது எதுவும் கிடைக்கவில்லை. புத்தகத்தைக் கையில் வாங்கினாள். கடைசிப் பக்கங்களின் விளிம்பில் அவள் பெருவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு விலகி, முதல் பக்கத்தைத் திறந்தது.

“நீங்க வாசியுங்கோ. நான் பார்த்துக்கொண்டு வாறன்.”

மேபல் வாசித்தாள். கதையில் மூடுபனி இறங்கியது. படகுக்காரன் துடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். அவனுடைய மனைவி விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்தாள். பிறிஜெற்றின் நகங்கள் மேபலின் கையில் மெல்லப் பதிந்தன. மேபல் நிறுத்தாமல் வாசித்தாள். கோட்டையும் புறக்கோட்டையும் விளக்குகளோடு வந்து போயின. அவர்கள் பார்க்கவில்லை.

“கொட்டஹேன! பஹின்ன, பஹின்ன!” என்று கீழேயிருந்து கண்டக்டர் கொட்டாஞ்சேனையில் இறங்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்.

நோபேட் எழுந்தான். மேபல் புத்தகத்தை மூடப் போனாள். பிறிஜெற் பக்கத்தின் மேல் கையை விரித்து வைத்தாள்.

“பஸ் எங்க மட்டும் போகும்?”

“மட்டக்குளி மட்டும்.”

“பிறகு திரும்பி வருமெல்லோ?”

“வரும்.”

“அப்ப போவம்,” என்றாள் பிறிஜெற். “அந்தாள் வாறாரோ தெரியாது. இன்னும் கொஞ்சம் வாசியுங்கோ.”

நோபேட் மறுபடி உட்கார்ந்தான். பஸ் அவர்களுடைய சந்து முனையைத் தாண்டி நகர்ந்தது. மேபல் பிறிஜெற்றின் கையை மெதுவாக விலக்கி, விட்ட வரியைத் தேடி எடுத்தாள்.